கொதி வந்த பிறகு பத்து நிமிஷம்

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். அதன்பிறகு பேசமாட்டார். பதில் வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருப்பார். முகத்தில் கோபம் இருக்காது. சிரிப்பும் இருக்காது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்கூட ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரோட்டில் இறங்கி எட்டிப் பார்ப்பார்கள். இவர் எட்டிப் பார்க்காமல் காத்திருப்பார்.

நான் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். பெயர் தெரியாமல் இல்லை. மாதாமாதம் சம்பளப் பட்டியலில் என் கையால் எழுதிய பெயர்தான். ஆனால் உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்காமல் பெயரைப் போடுவது சரியாகத் தோன்றவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு மருந்துக் கடையின் பின்னறையில் நான் கிளார்க்காக இருந்தேன். முன்னால் மருந்துக் கடை, பின்னால் நர்ஸ் பீரோ, அதாவது வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஆபீஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவர்கள் இவர்களுடைய வீடுகளுக்கு எங்களிடமிருந்து நர்ஸுகள் போவார்கள். முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சொந்தக்காரர்களைப் பார்த்து அவரும் பட்டணம் வந்து கடை போட்டவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், நர்ஸுகளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு வேறு யாரும் வேலை கொடுத்திருக்கமாட்டார்கள். அவர் கொடுத்தார்.

என் வேலை டெலிபோனை எடுப்பது, டியூட்டிச் சீட்டு எழுதுவது. டெலிபோன் மணி நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுப்பேன். எனக்குத் திக்கல் இல்லை. ஆனால் வார்த்தை வர நேரமாகும். அதற்குள் எதிரில் இருப்பவர் என் வாக்கியத்தை அவரே முடித்துவிடுவார். "மணி எத்தனைக்கு..." என்று நான் ஆரம்பித்தால், "எட்டு மணிக்கு வரச்சொல்லு, சரியா, வெச்சுடட்டுமா?" என்று முடிந்துவிடும். வீட்டில் என் மனைவியும் அப்படித்தான். பாவம், அவளுக்கும் அடுப்பில் வேலை இருக்குமே. நர்ஸுகள் என்னைக் கேலி செய்வார்கள். பெண் பார்க்க வந்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை என்பார்கள். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தும் அந்தப் பெயர் போகவில்லை.

சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நாளைக்கு எந்த வீடு என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, எதிரில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் சீட்டைத் தேடினேன். பிறகு வார்த்தையைத் தேடினேன். அவர் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் நானே முழு வாக்கியமாக, எந்தத் தெரு, எந்த வீடு, என்ன ஊசி என்று சொல்லி முடித்தேன். "சரி சார்" என்று எழுந்து போனார். இதிலென்ன பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அன்று மாலை கற்பகாம்பாள் கோயில் குளத்தைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போகும்போது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அதை மட்டும்தான் சொல்லத் தெரிகிறது.

அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். அடையாற்றங்கரையில் ஒரு குடிசைப் பகுதியில் பிறந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்தவர். நோயாளிகளிடம் சுத்தமான தமிழ் பேசுவார். எங்களிடம் பேசும்போது பட்டணத்துப் பேச்சு தானாக வந்துவிடும். கண்ணாடியில் கீறல் விழுந்த ஒரு கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார்.

அந்தக் காலத்தில் ஊசிக்குழல் கண்ணாடியில் இருக்கும். ஒரு வீட்டில் போட்ட ஊசியை அடுத்த வீட்டில் கொதிக்கவைத்த பிறகுதான் போடவேண்டும். ஒவ்வொரு நர்ஸுக்கும் பீரோவில் இரண்டு குழல்கள் கொடுப்போம். உடைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம். அதனால் அவர்கள் எல்லோரும் பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு கேட்டு, பாத்திரம் கேட்டு, தண்ணீர் கொதிக்கும்வரை நிற்கவேண்டும். சிஸ்டரின் கணக்கு, கொதி வந்த பிறகு பத்து நிமிஷம். ஒன்பது நிமிஷத்தில் எடுத்து யாரும் பார்த்ததில்லை.

மாட வீதிப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, காலையில் இன்சுலின் போடவேண்டும். மாமி மடி ஆசாரம் பார்ப்பவர். "அடுப்பண்டை வராதேங்கோ, நானே வெந்நீர் போட்டுத் தரேன், எடுத்துண்டு போய்ப் போடுங்கோ" என்றாராம். "வெந்நீர் வேணாம்மா. கொதிக்கிற தண்ணி வேணும். எங்க வெச்சுக்கலாம், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சிஸ்டர் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். மாமி உள்ளே போனார், வந்தார், மறுபடி உள்ளே போனார். மாமா பசிக்கிறது என்று கத்தினார். கடைசியில் கொல்லையில் ஒரு குமுட்டி அடுப்பும் தனியாக ஒரு பித்தளைச் சொம்பும் வந்தன. சிஸ்டருக்கு அதில் வருத்தமே இல்லை. "எங்க கொதிச்சா இன்னா சார், கொதிக்கணும், அவ்ளோதான்" என்றார். ஒரு மாதம் கழித்து, வாசல் கேட் சத்தம் கேட்டதுமே அந்த மாமி அடுப்பை விசிற ஆரம்பித்துவிடுவாராம். இதைச் சொல்லும்போது மட்டும் சிஸ்டர் சிரித்தார்.

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டிலிருந்து, இந்த நர்ஸை இனி அனுப்பாதீர்கள் என்று டெலிபோன் வந்தது. ஊசி போட வந்தவரிடம் அந்த வீட்டு அம்மா இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியைக் காட்டி, ஆட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். "எந்த வேலைக்கு என்னைக் கூப்ட்டீங்க?" என்று கேட்டுவிட்டு இவர் உட்கார்ந்திருக்கிறார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன், இப்படி உட்கார்ந்து பார்க்கிறாளே என்று அந்த அம்மா டெலிபோனில் அழாத குறை. எனக்கு இரண்டு பக்கமும் பாவமாக இருந்தது.

பீரோவுக்குப் பெயர் வந்தது. டெலிபோன் நிற்காமல் அடித்தது. முதலில் ஒரு நர்ஸுக்கு ஒரு காலையில் ஐந்து வீடுகள். அது ஆறாகி, ஏழாகி, எட்டாகிவிட்டது. சம்பளம் மட்டும் மாறவில்லை. அண்ணாச்சியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நர்ஸுகளுக்கு மருந்தைச் சும்மா கொடுப்பார். ஆனால் ஒரு வீட்டையும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வராது. "ஆளு கெடைக்க மாட்டுக்கு, வார வீட்ட விடவா முடியும்? எழுதுல" என்பார். நான் எழுதுவேன்.

எப்படி எழுதினேன் என்பதையும் சொல்லவேண்டும். டெலிபோன் வந்த வரிசையில் எழுதினேன். முதலில் கூப்பிட்டவர் ஏழு மணி, அடுத்தவர் ஏழரை, அதற்கடுத்தவர் எட்டு. புது வீடு வந்தால் கீழே சேர்த்து அரை மணி கூட்டுவேன். எட்டாவது வீடு பத்தரைக்கு, பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. அந்தச் சீட்டில் அடையாறுக்கும் தி.நகருக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும்தான் இருந்தது. ஒருநாள் சிஸ்டர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எட்டு மணிக்கு அடையார், எட்டரைக்கு தி.நகர்னு போட்டுக்கீறீங்க சார். எனக்கோசரம் பஸ்ஸு வாசல்லயே நின்னுக்கினு இருக்குமா?"

மற்ற நர்ஸுகள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நான் அடுத்த சீட்டை எடுத்தேன். அன்று அவரும் அதற்குமேல் காத்திருக்கவில்லை, முதல் வீட்டுக்கு நேரமாகியிருந்தது.

நர்ஸுகள் தாமதமாக வருகிறார்கள் என்று வீடுகளிலிருந்து புகார் வரத் தொடங்கியது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, ஒருநாள் சிஸ்டரோடு எல்லா வீட்டுக்கும் போய்வரச் சொன்னார். எங்கே உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்று பார்த்து வரவேண்டுமாம். வேவு பார்க்கத்தான் வருகிறேன் என்று சிஸ்டருக்கும் தெரியும். "வாங்க சார். செருப்பு நல்லதா போட்டுக்கினு வாங்க" என்றார்.

அன்று நடந்த நடை இன்னும் என் முழங்காலில் இருக்கிறது. மாட வீதியில் மாமி விசிறிய குமுட்டி அடுப்பைப் பார்த்தேன். மந்தைவெளியில் மாடி வீட்டில் ஒரு பெரியவரின் முதுகுப் புண்ணைப் பார்த்தேன். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க நானும் ஒரு கை கொடுத்தேன். அடையாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது, இறங்கி நடந்தோம். ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை என்றார்கள், பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போனோம். அங்கிருந்து தி.நகர். தி.நகரிலிருந்து, என் சீட்டின்படி, மறுபடியும் அடையாற்றைத் தாண்டித் திருவான்மியூர். கோயில் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் டப்பாவில் இருந்த எலுமிச்சம்பழச் சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தார். நின்றபடியே சாப்பிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். வேலை முடிந்தபோது மணி இரண்டே முக்கால். அவர் அன்று உட்கார்ந்தது தண்ணீர் கொதிக்கும்போது மட்டும்தான். அப்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவசரப்படுத்தினால் கொதிக்கப்போகிறதா என்ன.

அண்ணாச்சி மறுநாள் என்னிடம், என்னலே, கதை பேசினாளா என்று கேட்டார். இல்லை அண்ணாச்சி என்றேன். அவர் கடைக்குள் போய்விட்டார். மிச்சத்தைச் சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. சீட்டை டிராயரில் போட்டு மூடினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். எட்டு வீட்டுச் சீட்டுகளைத் தொடர்ந்து எழுதினேன். இரண்டு மாதம் போனது.

எங்களிடம் ஐம்பது வயதை நெருங்கிய ஒரு நர்ஸ் இருந்தார். கணவர் வேலைக்குப் போக முடியாதவர், மூன்று பெண்கள். அந்த அக்காவின் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. ஒருநாள் தி.நகர் வீட்டுக்கு அவர் போனபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். வீட்டில் சத்தம் போட்டிருக்கிறார்கள். பயத்தில் குழலைக் கொதிக்கவைக்காமல் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசி போட்டுவிட்டார். நான்கு நாளில் அந்தப் பெரியவரின் தொடையில் சீழ் பிடித்து வீங்கிவிட்டது. டாக்டர் கீறி எடுத்தார். பெரியவரின் மகன் கடைக்கு வந்து அண்ணாச்சியை நாலு பேர் நடுவில் வைத்துப் பேசிவிட்டுப் போனார்.

அன்று முதல் அந்த வீட்டுக்குக் கட்டு மாற்றப் போனது சிஸ்டர். யாரும் அனுப்பவில்லை. எட்டு வீடு முடித்துவிட்டு ஒன்பதாவதாகப் போனார், புண் ஆறுகிறவரை.

அந்த அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று அண்ணாச்சி முடிவு செய்தார். மறுநாள் காலை பின்னறையில் அந்த அக்கா கதவோரம் நின்று வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மேஜைக்குப் பின்னால். நான் டெலிபோன் பக்கத்தில். சிஸ்டர் உள்ளே வந்தார். முதலாளி முன்னால் நர்ஸுகள் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அக்கா பண்ணது தப்புதான் அண்ணாச்சி. அத நான் இல்லைன்னு சொல்லல. ஒன்னே ஒன்னு கேக்கறேன். எட்டு வீட்டுக்கும் ஊசி கொதிக்கவெக்கறதுக்கு மட்டும் எவ்ளோ நேரம் ஆவும்?"

கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி பேசினார். கடை வாடகை, மருந்து விலை, போட்டிக்கு வந்த இன்னொரு பீரோ எல்லாவற்றையும் பேசினார். இவர் அசையவில்லை. இவர் கேட்ட கேள்வி அறையில் அப்படியே நின்றது. அண்ணாச்சி பேப்பர்வெயிட்டை உருட்டினார். பிறகு சொன்னார்: "மத்த பிள்ளைய எல்லாம் சீட்டுல போட்ட நேரத்துக்கு முடிக்கலியா? உனக்கு மட்டும் எப்படி முடியாமப் போவுது?"

"சாரு என்கூட வந்தாரு. சாரு சொல்லட்டும்."

என் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான்.

மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. முன்கடையில் யாரோ தலைவலி மாத்திரை கேட்டார்கள். என் வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. ஊரில் அண்ணாச்சியிடம் எனக்காகச் சிபாரிசு செய்த மாமாவின் முகம் வந்தது. அண்ணாச்சி என்னை முறைத்துப் பார்த்தார். அந்த அக்கா தரையைப் பார்த்தார். சிஸ்டரை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன். அடுப்பில் வைத்த பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரிதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அவர் இருப்பார். என் வாக்கியத்தை எடுத்து அவர் முடிக்கமாட்டார்.

டிராயரைத் திறந்து சீட்டை எடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தேன்.

"பதினொன்னுக்கு முடியும்னு நான் எழுதிருந்தேன். ரெண்டே முக்கால் ஆச்சி, அண்ணாச்சி. தண்ணி கொதிக்கிறப்ப மட்டுந்தான் உக்காந்தாங்க. ஓடியாடி முடிக்கிறவங்க எதையாவது விட்டாத்தான் முடிக்க முடியும். தப்பு என் சீட்டுலயும் இருக்கு."

என் வாழ்க்கையில் அதுவரை நான் அவ்வளவு நீளமாக முதலாளியிடம் பேசியதில்லை.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "இத எப்ப எழுதின?" என்றார். இரண்டு மாதம் ஆயிற்று என்றேன். "ரெண்டு மாசமா டிராயர்லயா வச்சிருந்த?" என்றார். அதைத் தவிர என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு சிஸ்டரைப் பார்த்து, இப்போது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு ஆளுக்கு ஐந்து வீடு, கொதிக்கவைக்கும் நேரமும் பஸ் நேரமும் சீட்டில் ஏறவேண்டும், அக்கா வேலையில் இருக்கவேண்டும் என்றார் சிஸ்டர். அண்ணாச்சி ஆறு வீடு என்றார். அந்த அக்கா ஒரு மாதத்துக்கு ஊசி தொடக்கூடாது, நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிடுகிற வேலைதான் என்றார்.

"சம்பளம்?" என்றார் சிஸ்டர். கைகள் மடியில்.

"அதே சம்பளந்தான், அதே சம்பளந்தான். எந்திரிம்மா தாயி. கடை யாவாரத்தப் பாக்க விடு."

அந்த அக்கா அழுதபடியே சிரித்தார். ஊசிக்குழல் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. அதையும் சிஸ்டர் ஒருமுறை கேட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று பதில் வரவில்லை. ஆக, அவர் காத்திருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அன்று மத்தியானமே நான் ஸ்கேல் வைத்துச் சீட்டில் இரண்டு கட்டங்கள் கூடுதலாகக் கோடு போட்டேன். ஒன்றில் 'பஸ்', இன்னொன்றில் 'கொதி'. வீடுகளை டெலிபோன் வந்த வரிசையில் எழுதுவதை விட்டு, தெரு வரிசையில் எழுதினேன். நேரத்தை மாற்றச் சொல்லி வீடுகளுக்கு நானே டெலிபோன் செய்யவேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் வியர்த்துக் கொட்டியது. பிறகு பழகிவிட்டது.

அடுத்த வருஷம் சிஸ்டருக்குக் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விடைபெற வந்தவர் சீட்டுக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "மாப்ள சார் இப்பல்லாம் ஃபோன்ல நல்லா பேசுறாராமே" என்றார். நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வார்த்தை வர நேரமானது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டு, பையை அணைத்தபடி பஸ்ஸுக்குப் போனார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அந்தச் சீட்டுகளைப் பிறகு அச்சகத்தில் கொடுத்துப் புத்தகமாக அடித்தோம். அண்ணாச்சி காலமாகி இப்போது அவருடைய மகன் நடத்துகிறார், நான் இன்னும் அதே பின்னறையில்தான் இருக்கிறேன். கண்ணாடிக் குழல்கள் போய்விட்டன. ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் பிளாஸ்டிக் ஊசி வந்துவிட்டது. போன மாதம் புதுச் சீட்டு அடிக்கக் கொடுப்பதற்குமுன் அந்தத் தம்பி என்னிடம் காட்டினார்.

"இதென்ன மாமா, 'கொதி'ன்னு ஒரு கட்டம்? பத்து பத்து நிமிஷம் சும்மா போவுது. எடுத்துட்டா இன்னும் ரெண்டு வீடு போடலாமே?"

இப்போது அந்தப் பத்து நிமிஷத்தில் நர்ஸுப் பெண்கள் தண்ணீர் குடிக்கிறார்கள், நோயாளியிடம் நாலு வார்த்தை பேசுகிறார்கள், சிலர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும்.

"அது இருக்கட்டும் தம்பி. ஒரு காலைல எட்டு வீடு நீங்க நடந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.